தலைமைச் சுமையைப் பங்கு போட்டுக்கறது: யூத மூலநூல்களை ஜோடியா உக்காந்து படிக்க முழுமையான வழிகாட்டி

"பொறுப்பைப் பிரிச்சுக் குடுக்கணும்னு மாமனார் எத்திரோ அன்னிக்கே மோசேக்கு சொல்லிட்டாரே"ன்னு ஒரு வரியோட நிறைய பேர் இந்த விஷயத்தை முடிச்சுக்கறாங்க. யூத மரபுல அது அவ்ளோ சீக்கிரம் முடியறதில்ல. தோரால (மோசேயோட அஞ்சு புத்தகம்) மூணு இடத்துல வருது, அந்த மூணும் ஒண்ணுக்கொண்ணு சரியா பொருந்தாது, அதுக்கு மேல மிஷ்னா (பழைய சட்டத் தொகுப்பு), தல்மூத் (அது மேல நடந்த விவாதம்), மித்ராஷ் (வசன விளக்கம்), ராஷி (உரையாசிரியர்)னு அடுக்கடுக்கா பேச்சு போகுது. எதை முதல்ல படிக்கறோம்ங்கறதப் பொறுத்து கடைசில கையில கிடைக்கறதே வேற ஆயிடும். நாலு பேர்ல இருந்து பத்து பேர் வரைக்கும் இருக்கற ஒரு சின்ன க்ரூப், ரெண்டு சாயங்காலம் ஒதுக்கினா முடிக்கலாம். ஹீப்ரு தெரிஞ்சிருக்கணும்னு அவசியம் இல்ல.

1. உக்காரறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

தமிழ் பைபிள் ஒண்ணு வேணும். க்ரூப்ல சிலர் பழைய திருப்புதலும் சிலர் கத்தோலிக்க பொது மொழிபெயர்ப்பும் கொண்டு வருவாங்க, அதனால பேர் குழப்பத்தை முதல்லயே தீர்த்துடுங்க: யாத்திராகமம்னா விடுதலைப் பயணம், எண்ணாகமம்னா எண்ணிக்கை, உபாகமம்னா இணைச் சட்டம். இதைச் சொல்லாம ஆரம்பிச்சா முதல் பத்து நிமிஷம் பக்கம் தேடறதுலயே போயிடும், பாத்திருக்கேன்.

மிஷ்னா, தல்மூத், ராஷி எல்லாத்துக்கும் சேஃபாரியான்னு ஒரு இலவச வெப்சைட் இருக்கு. ஹீப்ருவும் இங்கிலீஷும் பக்கத்துப் பக்கத்துல வரும், ஒரு வசனத்தைத் தொட்டா அதைப் பத்தி யார் யார் என்ன எழுதினாங்கன்னு ஓரத்துல லிஸ்ட் வரும். இங்கிலீஷ் ஓரளவு வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் ஒவ்வொரு ஜோடிலயும் இருந்தா போதும். போன்ல படிக்காதீங்க, பிரிண்ட் எடுத்துக்கோங்க, போன்ல ஒரு லிங்க்ல இருந்து இன்னொரு லிங்க்குக்குத் தாவி கால் மணி நேரத்துல எங்கயோ போயிடுவீங்க.

எது பழசு எது புதுசுன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி நடுவுல வெச்சுடுங்க. தோரா அடித்தளம். மிஷ்னா சுமார் கி.பி. 200ல தொகுத்தது. பாபிலோனிய தல்மூத் அதுக்கப்புறம் சில நூறு வருஷ விவாதம். ராஷி பிரான்ஸ்ல த்ருவா ஊர்க்காரர், 1040ல இருந்து 1105 வரைக்கும் வாழ்ந்தவர். இது எதுக்குன்னா, ராஷி சொன்னதை "பைபிள்ல இருக்கு"ன்னு யாராவது சொல்லிடுவாங்க, அப்புறம் இன்னொருத்தர் பைபிளைப் புரட்டிப் பாத்துட்டு "எங்க இருக்கு, காட்டு"ன்னு சண்டைக்கு வருவாரு.

தல்மூத் பக்க எண்ணும் புதுசா வர்றவங்களைக் குழப்பும். 17ஏ, 17பின்னு இருக்கும், ஏடு ஒண்ணுதான், முன்பக்கம் ஏ, பின்பக்கம் பி. பிர்கே அவோத் (மிஷ்னால நீதிமொழி மாதிரி வர்ற பகுதி) எண் மட்டும் பதிப்புக்குப் பதிப்பு ஒண்ணு முன்னப்பின்ன இருக்கும், எண்ணைப் பிடிச்சுத் தொங்காம வாசகத்தைத் தேடுங்க.

2. ரெண்டு ரெண்டு பேரா பிரிங்க

யூதப் படிப்பு முறைல இதுக்கு ஹவ்ருதான்னு பேரு. ரெண்டு பேர் எதிரெதிரா உக்காந்து ஒருத்தர் சத்தமா வாசிக்க, இன்னொருத்தர் ஒவ்வொரு வரிக்கும் "இங்க ஏன் இப்படி?"ன்னு நிறுத்தணும். அடுத்த பகுதிக்கு ஆள் மாறணும். இரும்பை இரும்பு கூர்மையாக்கும்ங்கற நீதிமொழியை எடுத்து, சேர்ந்து படிக்கற ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அப்படித்தான் கூர்மையாக்கறாங்கன்னு தல்மூத்ல தானீத் 7ஏல சொல்லியிருக்கு.

இந்தப் படியைத் தாண்டிப் போறவங்கதான் ஜாஸ்தி. பத்து பேரையும் வட்டமா உக்கார வெச்சு விவரம் தெரிஞ்ச ஒருத்தர் பேச ஆரம்பிச்சுடுவாரு, மத்தவங்க தலையாட்டுவாங்க, "ஒருத்தரே எல்லாத்தையும் சுமக்கக் கூடாது"ங்கற பாடத்தை ஒருத்தரே ஒன்றரை மணி நேரம் நடத்திட்டுப் போவாரு. சிரிப்பா இருக்கும், ஆனா நடக்கறது அதுதான். ஜோடிக்கு இருபது நிமிஷம், அப்புறம் எல்லாரும் சேர்ந்து பத்து நிமிஷம்னு வெச்சுக்கோங்க. ஒற்றைப்படையா ஆள் வந்தா ஒரு ஜோடியை மூணு பேரா ஆக்குங்க, தனியா யாரையும் விடாதீங்க.

3. எத்திரோகிட்ட போகாதீங்க, முதல்ல சுமை தூக்கினவங்களைப் பாருங்க

எல்லாரும் நேரா யாத்திராகமம் 18க்குப் போவாங்க. அதுல ஆரம்பிச்சா கேள்வியே "தலைவரோட வேலையை எப்படிக் குறைக்கறது"ன்னு ஆயிடும், அப்புறம் அதுல இருந்து வெளிய வர முடியாது. அதனால முதல் வாசிப்பு யாத்திராகமம் 2:11. மோசே அரண்மனைல வளந்தவர், வெளிய வந்து தன் ஜனங்க சுமக்கற சுமையைப் பாக்கறார். ஒரே ஒரு வசனம்.

அதுக்கு ராஷி சொல்றது, அவங்களுக்காக வேதனைப்பட கண்ணையும் மனசையும் குடுத்தாராம். ஷெமோத் ரப்பான்னு ஒரு மித்ராஷ் (யாத்திராகமத்துக்கான பழைய விளக்கத் தொகுப்பு) இன்னும் விவரமா சொல்லும்: சின்னவங்க மேல பெரிய சுமையும் பெரியவங்க மேல சின்ன சுமையும் இருந்துச்சு, ஆம்பள தூக்க வேண்டியது பொம்பள தலைல இருந்துச்சு, மோசே தன் பரிவாரத்தை விட்டுட்டு இறங்கிப் போய், பார்வோனுக்கு ஒத்தாசை பண்ற மாதிரி காட்டிக்கிட்டு, யார் எதைத் தூக்க முடியுமோ அதை அவங்களுக்கு மாத்தி வெச்சார்.

இந்த இடத்துல ஜோடிங்களை நிறுத்தி ஒரு கேள்வி கேக்க வைங்க: மோசே அப்ப தலைவரா? இல்ல. எந்தப் பதவியும் இல்ல, அவரைக் கடவுள் கூப்பிடறது அடுத்த அதிகாரத்துலதான். சுமையைச் சரியா பங்கு போடற வேலை பதவிக்கு முன்னாடியே வந்துடுது. இந்த ஒரு விஷயம் மனசுல உக்காந்துட்டா மீதி எல்லாப் பகுதியும் வேற மாதிரி தெரியும்.

4. இப்ப எத்திரோ: யாத்திராகமம் 18:13-27

காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் மோசே உக்காந்து வழக்கு தீர்க்கறார், ஜனங்க வரிசைல நிக்கறாங்க. மாமனார் பாக்கறார், நீ பண்றது நல்லா இல்லங்கறார். 18வது வசனத்தை மெதுவா வாசிக்கச் சொல்லுங்க, யார் தளந்து போவாங்கன்னு எத்திரோ சொல்றார்? மோசே மட்டும் இல்ல, அவரோட இருக்கற ஜனங்களும். புதுசா படிக்கறவங்க பத்துல ஒன்பது பேர் ஜனங்களை விட்டுட்டு மோசேயை மட்டும்தான் பாப்பாங்க. ஒருத்தரே எல்லாத்தையும் பண்ணும்போது வரிசைல நிக்கறவனும் வெயில்ல காயறான்.

அடுத்து 21வது வசனம், ஆள் எடுக்க நாலு தகுதி: திறமை, கடவுள் பயம், உண்மை, பணத்தாசை இல்லாம இருக்கறது. ஆயிரம் பேருக்கு ஒருத்தர், நூறுக்கு ஒருத்தர், ஐம்பதுக்கு ஒருத்தர், பத்துக்கு ஒருத்தர். தல்மூத் (சன்ஹெத்ரின் 18ஏ) இதைக் கணக்கே போட்டுடுச்சு, ஆறு லட்சம் பேருக்கு 600, 6,000, 12,000, 60,000, மொத்தம் 78,600 பேர். இந்தக் கூட்டலை க்ரூப்ல யாரையாவது பேப்பர்ல போட்டுப் பாக்கச் சொல்லுங்க, ஏன்னா போட்டாதான் உறைக்கும்: கிட்டத்தட்ட எட்டுல ஒருத்தர் பொறுப்புல இருக்கார். மேல நாலு பேர் உக்காந்திருக்கற கமிட்டி கிடையாது.

23வது வசனத்துல எத்திரோ ஒரு பலன் சொல்றார், நீ தாக்குப்பிடிப்ப, ஜனங்களும் சமாதானமா தங்க இடத்துக்குப் போவாங்க. மோசே தாக்குப்பிடிக்கறது புரியுது, ஜனங்களுக்கு சமாதானம் எங்கிருந்து வந்துச்சு? இதை ஜோடிங்ககிட்டயே விட்டுடுங்க, பதில் சொல்லிடாதீங்க. அவங்க கொஞ்ச நேரம் திணறினப்புறம் நெட்சீவ் சொன்னதைக் குடுங்க (வோலோஜின் ஊர்ல இருந்த யெஷிவாவோட, அதாவது யூத வேதப் பள்ளியோட, தலைவரா இருந்தவர், 1816-1893). நீதிபதிக்குத் தீர்ப்பு இன்னதுன்னு தெரியறதுக்கு முன்னாடிதான் சமரசம் பண்ணி வெக்கலாம்னு தல்மூத்ல ஒரு பேச்சு இருக்கு, மோசேக்கோ கேட்ட உடனே தீர்ப்பு தெரிஞ்சுடும், அதனால அவரால சமரசம் பண்ண முடியாது, கீழ இருக்கற சாதாரண ஆளுங்களாலதான் முடியும். மோசேயை விட குறைஞ்சவங்க, மோசேயால முடியாத ஒண்ணைப் பண்றாங்க. எனக்கு இந்த அதிகாரத்துலயே ரொம்பப் பிடிச்ச வாசிப்பு இது.

இங்க ரெண்டு தப்பு நடக்கும். ஒண்ணு, ஆபீஸ்ல வேலை பாக்கறவங்க உடனே டெலிகேஷன், டீம் லீடர், ரிப்போர்ட்டிங்னு பேச ஆரம்பிச்சுடுவாங்க. தடுக்க வேணாம், ஆனா 19, 20வது வசனத்துக்குத் திருப்பி விடுங்க, மோசே கையில எது மிச்சம் இருக்குன்னு பாக்கட்டும். ஜனங்களுக்காகக் கடவுள் முன்னாடி நிக்கறது, வழி சொல்லிக் குடுக்கறது, 22ல வர்ற கஷ்டமான வழக்கு, இதெல்லாம் அவர்கிட்டயேதான் இருக்கு. இன்னொண்ணு, எத்திரோ வந்தது சீனாய் மலைல சட்டம் குடுக்கறதுக்கு முன்னாடியா பின்னாடியாங்கற பழைய சர்ச்சை. யாராவது அதைக் கண்டுபிடிச்சு இழுத்துட்டு வருவாங்க. நல்ல சர்ச்சைதான், ஆனா ஒரு சாயங்காலத்தையே முழுங்கிடும், வேற நாளைக்குத் தள்ளுங்க.

போற போக்குல ஒண்ணு: ஜெப ஆலயத்துல வாசிக்கற, பத்துக் கட்டளை வர்ற வாராந்தரப் பகுதிக்கே இந்த மீதியான் நாட்டு பூசாரி பேர்தான், பராஷத் யித்ரோ (எத்திரோவோட ஹீப்ரு பேர்).

5. எழுபது மூப்பர்: எண்ணாகமம் 11. இங்கதான் நேரத்தைச் செலவு பண்ணணும்

10ல இருந்து 17, அப்புறம் 24ல இருந்து 30 வரைக்கும் வாசிங்க. ஜனங்க இறைச்சி வேணும்னு அழறாங்க. மோசே கடவுள்கிட்ட வெடிக்கறார், இந்த ஜனத்தையெல்லாம் நானா பெத்தேன், பால் குடிக்கற குழந்தையைத் தாதி தூக்கிட்டுப் போற மாதிரி நான் மார்ல தூக்கிட்டுப் போகணுமா, தனியா சுமக்க என்னால ஆகாது, இப்படியே பண்றதா இருந்தா என்னைக் கொன்னுடும். பைபிள்ல மோசே இவ்ளோ உடைஞ்சு பேசற இடம் வேற கிடையாதுன்னு நினைக்கறேன். சத்தமா வாசிக்கறவர் இதை அறிவிப்பு மாதிரி வாசிச்சா நிறுத்திட்டு திரும்ப வாசிக்கச் சொல்லுங்க.

முக்கியமான வேலை இதுதான்: 18ம் அதிகாரத்தையும் இதையும் ஒண்ணாக் கலக்காம பக்கத்துல பக்கத்துல வெச்சு வித்தியாசம் எழுதறது. அங்க பிரச்சனை வேலை ஜாஸ்தி, இங்க மனசு உடைஞ்சு போச்சு. அங்க யோசனை சொன்னது வெளில இருந்து வந்த மாமனார், இங்க கடவுள். அங்க நீதிபதிங்க, இங்க கூடவே சுமக்கறவங்க. அங்க படிப்படியா அடுக்கு இருக்கு, இங்க எழுபது பேரும் ஒரே தட்டு. ஏற்கனவே 78,600 பேர் இருக்கும்போது மோசே ஏன் "தனியா சுமக்கறேன்"ங்கறார்? இந்தக் கேள்வியை நீங்களா கேக்காதீங்க, ஏதாவது ஒரு ஜோடி கண்டிப்பா கேக்கும், அவங்க கேக்கட்டும். வேலையைப் பிரிச்சுக் குடுத்தப்புறமும் பாரம் அப்படியே இருக்கலாம்னு அவங்களா வந்து சேருவாங்க.

அப்புறம், யார் அந்த எழுபது பேர்? 16வது வசனத்துல "மூப்பரும் அதிகாரிகளும்னு நீ அறிஞ்சவங்க"ன்னு வரும். மோசேக்கு அவங்களை எப்படித் தெரியும்? ராஷி நம்மளை எகிப்துக்கே திருப்பிக் கூட்டிட்டுப் போறார். யாத்திராகமம் 5:14ஐ இப்ப எடுக்கச் சொல்லுங்க. செங்கல் கணக்கு குறைஞ்சப்ப பார்வோனோட ஆளுங்க அடிச்சது யாரை? இஸ்ரவேலர்லயே மேற்பார்வைக்கு வெச்சிருந்தவங்களை. அவங்க ஜனங்க மேல இரக்கப்பட்டு அவங்களுக்காக அடி வாங்கினாங்க, அன்னிக்கு அந்தக் கஷ்டத்துல பங்கெடுத்தவங்க இன்னிக்கு இந்தப் பெருமைலயும் பங்கெடுக்கட்டும்ங்கறார் ராஷி. எத்திரோவோட நாலு தகுதில இது இல்லவே இல்ல. முதுகுல தழும்பு இருக்கறவன்தான் தகுதியானவன்ங்கறது இங்க புதுசா சேருது. படி 3ஐ முதல்ல வெச்சதுக்குக் காரணமே இதுதான், மோசே சுமையை மாத்தி வெச்ச அதே எகிப்துல இவங்களும் இருந்திருக்காங்க.

17ல, மோசே மேல இருக்கற ஆவில இருந்து எடுத்து அவங்க மேல வெக்கறேன்னு வருது. உடனே யாராவது "அப்ப மோசேக்குக் குறைஞ்சிடுச்சா?"ம்பாங்க. ராஷி பதில் ரெடி: மெனோரா விளக்குல இருந்து எல்லாரும் ஏத்திக்கறாங்க, அதோட வெளிச்சம் ஒண்ணும் குறையறதில்ல.

இப்ப சீட்டுக் குலுக்கல் கதை, சன்ஹெத்ரின் 17ஏ. பன்னிரண்டு கோத்திரம், எழுபது பேர் வேணும். கோத்திரத்துக்கு ஆறுன்னா ரெண்டு பேர் ஜாஸ்தி, அஞ்சுன்னா பத்து பேர் கம்மி, சில கோத்திரத்துக்கு ஆறு சிலதுக்கு அஞ்சுன்னா பொறாமை வரும். அதனால மோசே 72 பேரைத் தேர்ந்தெடுத்து 72 சீட்டு வெச்சார், எழுபதுல "மூப்பர்"னு எழுதி ரெண்டை வெறுமனே விட்டார். ஒரு தொகுதி பங்கீட்டுப் பேச்சுவார்த்தைக்குப் போய்ட்டு வந்தவங்களுக்கு இது நல்லாவே புரியும்.

எல்தாத், மேதாத்னு ரெண்டு பேர் முகாம்லயே நின்னுட்டாங்க, அங்கயே அவங்க மேலயும் ஆவி வந்து தீர்க்கதரிசனம் சொல்றாங்க. நாங்க அதுக்குத் தகுதி இல்லன்னு ஒதுங்கினதாலதான் அவங்களுக்கு அதிகமா கிடைச்சதுன்னு தல்மூத்ல ஒரு கருத்து. ஒரு பையன் ஓடி வந்து இதைச் சொல்றான், யோசுவா அவங்களைத் தடுங்கங்கறார். அந்தத் தடுக்கறதுக்கு ராஷி தர்ற ஒரு விளக்கம் இருக்கே: பொதுக் காரியத்தை அவங்க தலைல போடுங்க, அவங்களே தானா ஓஞ்சு போயிடுவாங்க! சங்கத்துல செயலாளரா இருந்த யாராவது க்ரூப்ல இருந்தா இந்த வரில விழுந்து விழுந்து சிரிப்பாங்க. சிரிச்சு முடிக்கட்டும், அப்புறம் 29க்குக் கூட்டிட்டுப் போங்க. எனக்காக நீ பொறாமைப்படறியா, ஜனங்க எல்லாருமே தீர்க்கதரிசியானா நல்லாத்தானே இருக்கும்ங்கறார் மோசே. பத்து நிமிஷம் முன்னாடி சாகணும்னு கேட்ட ஆளு.

முதல் சாயங்காலத்தை இதோட நிறுத்துங்க.

6. உபாகமம் 1:9-18, சின்னதா ஆனா விட்டுடாதீங்க

நாப்பது வருஷம் கழிச்சு மோசே அதே கதையைத் திருப்பிச் சொல்றார். எத்திரோ பேரே வரல. நீங்களே ஆளைத் தேர்ந்தெடுங்கன்னு ஜனங்ககிட்ட சொல்றார், அவங்க "நல்லது"ங்கறாங்க. சுமையும் வழக்கும் தனியா எப்படித் தாங்குவேன்னு வர்ற 12வது வசனத்தை, திஷா பேஆவ் துக்க நாளுக்கு முந்தின சபத்துல (சனிக்கிழமை ஓய்வுநாள்) ஜெப ஆலயத்துல வாசிக்கும்போது புலம்பல் புத்தகத்தோட ராகத்துல ஓதற வழக்கம் இருக்கு.

ஜனங்களே சரின்னு சொல்லிட்டாங்களே, ஜனநாயகம்தானேன்னு க்ரூப் சந்தோஷப்படும்போது ராஷியோட குறிப்பை எடுத்து நீட்டுங்க, 14வது வசனத்துக்கு. மோசே இங்க பாராட்டல, குத்திக் காட்டறார்ங்கறார் ராஷி. உங்ககிட்ட கத்துக்கறதுதானே எங்களுக்கு நல்லதுன்னு நீங்க சொல்லியிருக்கணும், ஆனா உங்க மனசுல ஓடினது எனக்குத் தெரியும், நீதிபதி நிறைய பேர் ஆனா ஒரு அன்பளிப்பு குடுத்து காரியம் சாதிச்சுக்கலாம்னு கணக்கு போட்டீங்க. அதிகாரம் பரவினா லஞ்சத்துக்கும் வாசல் பரவும்னு அந்த மரபுக்குள்ளயே சந்தேகம் இருக்கு. இதைப் படிக்காம விட்டா வெறும் புகழ்ச்சியா முடியும்.

7. கழுதைச் சட்டம்: சேர்ந்து சுமக்கறதோட அளவுகோல்

யாத்திராகமம் 23:5. உன்னை வெறுக்கறவனோட கழுதை சுமை தாங்காம படுத்துட்டா, ஒதுங்கிப் போகாதே, அவனோட சேர்ந்து இறக்கி விடு. மிஷ்னா (பாவா மெட்சியா 2:10) ஒரு சூழ்நிலையை யோசிக்குது: கழுதைக்காரன் போய் ஓரமா உக்காந்துக்கிட்டு, "இறக்கறது உனக்குத்தானே கடமை, வேணும்னா இறக்கிக்கோ"ங்கறான். அப்ப? நீ இறக்க வேண்டியதில்ல, ஏன்னா அவனோட சேர்ந்துன்னுதான் எழுதியிருக்கு. ஆனா அவன் வயசானவனோ நோயாளியோன்னா, நீ இறக்கித்தான் ஆகணும்.

மொத்தம் மூணு வரிதான். இதுக்கு அரை மணி நேரம் குடுங்க. முதல் சாயங்காலம் படிச்ச எல்லாத்தையும் இதை வெச்சு அளந்து பாக்கச் சொல்லுங்க: மோசே கழுதைக்காரன் மாதிரி போய் உக்காந்துக்கிட்டாரா? எண்ணாகமம் 11:17ல உன்னோடகூட சுமப்பாங்கன்னுதான் இருக்கு, உனக்குப் பதிலான்னு இல்ல. யாத்திராகமம் 18:22லயும் அப்படியே. பொறுப்பைப் பகிர்ந்துட்டேன்னு சொல்லிட்டு எழுந்து போறவரை இந்தச் சட்டம் ஏத்துக்கறதில்ல, முடியாதவனை முடியலன்னு விடறதையும் ஏத்துக்கறதில்ல.

ஒரு கூடுதல் கேள்வி, தல்மூத் (பாவா மெட்சியா 32பி) கேக்கறது: நண்பனோட கழுதைல சுமையை இறக்கணும், எதிரியோட கழுதைல ஏத்தணும், எது முதல்ல? எதிரி. மனசை வளைக்கறதுக்காக. பொதுவா இறக்கறதுதான் முந்தும், பிராணி வலில இருக்கில்லையா, அதையே ஓரமா வெக்கற அளவுக்கு இதுக்கு எடை குடுத்திருக்காங்க. இதுல க்ரூப்ல பிராணிப் பிரியர் யாராவது இருந்தா நல்ல வாக்குவாதம் வரும்.

இதோட கூடவே ரெண்டு சின்னப் பகுதி. யாத்திராகமம் 17:12ல கை தளந்த மோசேயைக் கல்லு மேல உக்கார வெச்சு ஆரோனும் ஊர்ங்கற பேர் உள்ளவரும் ரெண்டு பக்கமும் கையைத் தாங்கறாங்க. அவருக்கு ஒரு மெத்தை கூடவா கிடைக்கலன்னு கேக்குது தானீத் 11ஏ, ஜனங்க கஷ்டத்துல இருக்கும்போது நானும் கஷ்டத்துல இருப்பேன்னு மோசே சொன்னதா பதிலும் சொல்லுது. இன்னொண்ணு வாயிக்ரா ரப்பால (லேவியராகமத்துக்கான மித்ராஷ்) ரப்பி ஷிமோன் பர் யோஹாய் சொன்ன கதை: படகுல போற ஒருத்தன் தன் இருக்கைக்கு அடில துளை போடறான், கேட்டா என் இடத்துலதானே போடறேன்ங்கறான், தண்ணி வந்தா எல்லாருமே முழுகுவோமேங்கறாங்க மத்தவங்க.

8. இது நடைமுறைல எப்படி விதியாச்சு

இந்தப் படியை நிறைய பேர் விட்டுடுவாங்க, கதை முடிஞ்சுதுன்னு நினைச்சு. ஆனா யூத மரபுல கதை சட்டமா மாறின இடத்துலதான் அதை எவ்ளோ சீரியஸா எடுத்துக்கிட்டாங்கன்னு தெரியும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒண்ணு குடுத்து வந்து சொல்லச் சொல்லலாம்.

சன்ஹெத்ரின் மிஷ்னா 1:6, பெரிய நீதிமன்றத்துக்கு 71 பேர், எழுபது மூப்பரும் அவங்களுக்கு மேல மோசேயும் கணக்கு. ரப்பி யெஹூதா மட்டும் எழுபதுதான்ங்கறார். அதே நூல்ல 4:2, மரண தண்டனை வழக்குல கருத்து கேக்கறது ஓரத்துல இருக்கற இளையவங்ககிட்ட இருந்து ஆரம்பிக்கும், பெரியவர் முதல்ல வாயைத் திறந்துட்டா மத்தவங்க எதிர்த்துப் பேச மாட்டாங்கல்ல. அவோத் 4:8, தனியா தீர்ப்பு சொல்லாதே, தனியா தீர்ப்பு சொல்ல ஒருத்தருக்குத்தான் உரிமை, அது கடவுள். தர்மப் பணத்தை ரெண்டு பேர் வசூலிக்கணும், மூணு பேர் பங்கிடணும்னு பேஆ 8:7. ஊர் மேல அதிகாரம் பண்ற வேலைல ரெண்டு பேருக்குக் குறையக் கூடாதுங்கறது வசூலுக்குக் காரணம், பங்கிடறது பண வழக்குல தீர்ப்பு சொல்ற மாதிரிங்கறதால அதுக்கு மூணு பேர்னு பாவா பத்ரா 8பில விளக்கம். பெராகோத் 55ஏல, ஊரைக் கேக்காம ஊருக்குத் தலைவர் வெக்கக் கூடாதுன்னு வருது. கூடாரம் கட்ட பெசலேலைக் கடவுளே தேர்ந்தெடுத்தும், உனக்குச் சம்மதமான்னு மோசேகிட்ட கேட்டுட்டு, போய் ஜனங்களையும் கேளுன்னு அனுப்பினாராம்.

கடைசியா பெராகோத் 27பி-28ஏ, யாவ்னே பள்ளில நடந்த கலகம். இதை ஜோடிக்குக் குடுக்காம எல்லாரும் சேர்ந்து வாசிங்க, நாடகம் மாதிரி இருக்கும். தலைவர் ரப்பான் கம்லியேல், ரப்பி யெஹோஷுவாவை எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு அவமானப்படுத்தறார். கூட்டம் கொதிச்சு அவரைப் பதவில இருந்தே இறக்கிட்டு எலாசர் பென் அசாரியாவை உக்கார வெக்குது. அன்னிக்கே வாசல் காவலாளியை எடுத்துடறாங்க, உள்ள புது பெஞ்ச் போடற அளவுக்கு மாணவங்க வர்றாங்க, நானூறுன்னு ஒருத்தர், எழுநூறுன்னு ஒருத்தர். கம்லியேல் மன்னிப்பு கேக்க யெஹோஷுவா வீட்டுக்குப் போறார், சுவரெல்லாம் கரி. "நீர் கரி வேலை செய்யறவர்னு சுவரைப் பாத்தா தெரியுது"ங்கற மாதிரி சொல்றார். நீர் தலைவரா இருக்கற தலைமுறைக்கு ஐயோ, படிச்சவங்க எப்படிக் கஷ்டப்பட்டு சாப்பிடறாங்கன்னு கூட உமக்குத் தெரியலயேன்னு பதில் வருது. கண்ணையும் மனசையும் குடுக்காத தலைவர், படி 3ல பாத்ததுக்கு நேர் எதிர். கடைசில கம்லியேலைத் திருப்பி ஏத்துக்கறாங்க, ஆனா எலாசரையும் இறக்க மனசில்ல, அதனால மூணு சபத் கம்லியேல், ஒரு சபத் எலாசர்னு முறை வெச்சுக்கறாங்க.

9. கோராகை வெச்சு சோதிச்சுப் பாருங்க

எண்ணாகமம் 16:1-11. கோராகு வந்து மோசேகிட்டயும் ஆரோன்கிட்டயும் கேக்கறான், சபை முழுசும் பரிசுத்தம், நீங்க மட்டும் ஏன் உங்களை உயர்த்திக்கறீங்க? ஜனங்க எல்லாரும் தீர்க்கதரிசியாகட்டும்னு மோசே 11:29ல சொன்னதுக்கும் இதுக்கும் வார்த்தைல பெரிய வித்தியாசமே இல்ல. அப்ப கோராகு ஏன் தப்பு?

இங்க அவசரப்பட்டு "அவன் கெட்டவன், அவ்ளோதான்"னு மூடினா நீங்க படிச்சதெல்லாம் வீண். "கோராகுதான் சரி"ன்னு ஒருத்தர் வாதாடட்டும், உண்மையா வாதாடட்டும். அப்புறம் 10வது வசனத்தைக் காட்டுங்க, ஆசாரியப் பட்டத்தையும் தேடறீங்களான்னு மோசே கேக்கறார். அவன் கேட்டதுல சுமைங்கற பேச்சே எங்கயும் இல்லன்னு யாராவது கவனிப்பாங்க. ஹில்லேல், ஷம்மாய்ங்கற ரெண்டு பழைய யூத குருக்கள் போட்ட சண்டை கடவுளுக்காக, கோராகு கூட்டம் போட்டது அப்படி இல்லன்னு அவோத் 5:17 பிரிக்குது. ஆனா ஒரு சண்டை நடந்துட்டிருக்கும்போது அது எந்த வகைன்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு அந்த மிஷ்னா சொல்லித் தரல.

10. முடிக்கும்போது

எல்லாரும் ஒரே கருத்துக்கு வந்தாகணும்னு இழுக்காதீங்க, தல்மூத்லயே நானூறு பெஞ்சா எழுநூறு பெஞ்சான்னு தீரல. ஒவ்வொரு ஜோடியும் தங்களுக்குப் பதில் கிடைக்காத ஒரு கேள்வியைப் பேப்பர்ல எழுதி நடுவுல வெக்கட்டும். க்ரூப்ல ரொம்ப பேசாத ஆள்ல இருந்து ஆரம்பிச்சு வாசிக்கச் சொல்லுங்க, சன்ஹெத்ரின் 4:2 மாதிரி.

அடுத்த தடவை நடத்தறது யாருன்னு அன்னிக்கே முடிவு பண்ணிடுங்க, இந்தத் தடவை நடத்தினவர் வேணாம். புதுசா நடத்தறவர் தயார் பண்ணும்போது இவரும் கூட உக்காரணும், பிரிண்ட் எடுக்கவாவது. "உன்கிட்ட குடுத்துட்டேன், பாத்துக்கோ"ன்னு போனா கழுதைக்காரன் கதைதான்.